மூன்று முறை பூட்டிய வீடு

அந்தப் பகுதியில் அவளுக்குப் பெயர் மீட்டரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லித் தெருவில் யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று ஏட்டில் எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை, அதே ஆறு தெருக்கள், கையில் ஒரு குடை. குடை வெயிலுக்கு இல்லை, நாய்க்கு.

மனிதர்களை அவள் முகத்தைப் பார்த்து அறிந்ததைவிட மீட்டரைப் பார்த்து அறிந்ததுதான் அதிகம். யூனிட் திடீரென்று ஏறினால் அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கும், வெந்நீர் வைத்து மாளாது. சட்டென்று இறங்கினால் யாரோ வேலைக்கென்று வெளியூர் கிளம்பியிருப்பார்கள். "என்ன பெரியப்பா, பெரியம்மாவோட சண்டையா? ரெண்டு ரூம்லயும் ஃபேன் ஓடியிருக்கே?" என்று வாசலில் நின்று ஒரு போடு போடுவாள். பெரியப்பா வெலவெலத்துப் போவார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வாய்த்துடுக்கு அவளுக்கு ஜாஸ்திதான், ஆனால் ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

இந்த வேலை அவளுக்குப் புருஷன் விட்டுப்போனது. அவன் மின்கம்பம் ஏறுகிறவன். ஒரு மழை நாளில் ஏறியவன் தன் காலால் இறங்கவில்லை. அவன் வேலைக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். தர ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும், இரண்டு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டபடி அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது ரீடிங் எடுக்க வந்த மனிதர் மீட்டரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக்கிறேன்மா" என்றார்.

வீடு பூட்டியிருந்தால் உள்ளே இருக்கும் மீட்டரைப் படிக்க முடியாது அல்லவா? அதனால் அலுவலகம் போன வருஷத்துச் சராசரியை எடுத்துச் சின்னதாக ஒரு பில் அனுப்பும். மிச்ச யூனிட் எல்லாம் மீட்டருக்குள்ளேயே தூங்கும். கை கொஞ்சம் தேறிய பிறகு அதை எழுப்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுதி நேர்செய்துவிடலாம். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் ரீடிங் எடுக்கிறவர்களுக்குள் இது வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம். அவளுக்கு வேலை கிடைத்ததும் பாக்கி எல்லாம் கட்டித் தீர்த்தாள். உதவியை மறக்கவில்லை. பிற்காலத்தில் அதே உதவியைத் தானும் நாலு வீட்டுக்குச் செய்தாள், செய்ததை அந்த வீட்டாருக்கே சொல்லாமல். சொன்னால் கூச்சப்படுவார்கள் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததை அவள் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

மூன்றாம் தெருவில் ஒரு சந்து, அதன் கோடியில் தையல்காரியின் வீடு. கதவைத் திறந்தால் ஓர் ஆள் போகிற அளவுக்கு நடைவழி, அதன் சுவரில் மீட்டர். அதைத் தாண்டி ஒரே அறை. பாதி அறையில் தையல் மெஷினும் பள்ளிக்கூடச் சீருடைத் துணியும். மறுபாதியில் கட்டில், கட்டிலில் புருஷன். கல் அறுக்கும் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்து, அந்தத் தூசியை எல்லாம் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்துக்கொண்ட மனிதன். பட்டறையில் சேமித்ததென்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வருஷத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆக்சிஜன் மெஷின் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் பெட்டி. "ஆறு மாசம் வச்சுப் பாப்போம், தேறிட்டா எடுத்துக்குறோம்" என்றார் டாக்டர். மெஷினுக்கு வாடகை இல்லை. ஆனால் அது இரவும் பகலும் ஓட வேண்டும், அது தின்கிற மின்சாரம் வீட்டுக்காரர் பாடு.

அடுத்த ரீடிங்குக்குப் போன மீட்டரக்கா நடைவழியில் நின்றாள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் ஓட ஓட அது துடிக்கும். அந்த வீட்டில் அது எப்போதும் சாவகாசமாகத் துடிக்கும். அன்றைக்கு ஓட்டப் பந்தயம் ஓடியது. எண்ணைப் பார்த்தாள், பகீரென்றது. இதை அப்படியே எழுதினால், யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற மேல்தட்டுக் கட்டணத்துக்குப் போய்விடும். உள்ளே தையல்காரி வாயில் நூலைக் கடித்தபடி, "எவ்வளவுக்கா வரும்?" என்று கேட்டாள்.

"வழக்கம்போலத்தான். நீ உன் வேலையப் பாரு."

"மெஷின் ரொம்ப இழுக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன்க்கா."

"இது என்ன, ஒரு குண்டு பல்பு அளவுகூட இழுக்காது" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, ஏட்டில் 'பூட்டிய வீடு' என்று எழுதினாள். இரண்டு மாதம் கழித்து வந்தபோதும் அப்படியே எழுதினாள். மூன்றாம் முறையும் எழுதினாள். ஆறு மாதம்தானே, மெஷின் போனதும் மெல்ல மெல்ல ஏற்றி நேர்செய்துவிடலாம் என்பது கணக்கு. ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மெஷின் இருக்கட்டும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பட்ஜெட் வந்தது. விலைவாசி எகிறி, கடைக்குப் போய் வருகிறவர்கள் எல்லாம் முகம் சுண்டி வந்துகொண்டிருந்த வருஷம் அது. டீக்கடை டிவியில் நிதியமைச்சர் மூன்று மணி நேரம் பேசினார், நடுவில் நாலு தடவை தண்ணீர் குடித்தார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசி நேரம் அவர் கண்ணாடியைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் குடும்பச் செலவைக் குறைக்கும் திட்டங்கள் என்று ஆரம்பித்ததும் எல்லோரும் வாயை மூடினார்கள். வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம். மூச்சு மெஷின் போன்ற உயிர்காக்கும் கருவிகள் வைத்திருக்கும் வீடுகளில், அந்தக் கருவிக்கான மின்சாரம் முழுக்க அரசாங்கச் செலவு. போன ஆறு மாதத்துக்கும் சேர்த்து.

மீட்டரக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. சந்துக்குள் ஓடினாள்.

"இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல! மெஷின் கரண்ட்டு மொத்தமும் அரசாங்கமே ஏத்துக்கிச்சு!"

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. "அதான் குண்டு பல்பு அளவுகூட இழுக்காதுன்னீங்களேக்கா" என்றாள். மீட்டரக்கா சிரித்து மழுப்பினாள். கட்டிலில் இருந்தவன் குழாயைச் சரிசெய்துகொண்டு, "அமைச்சர் டிவில... என்னையப் பத்திப் பேசினாருன்னு... ஊர்ல சொல்லுங்கக்கா" என்று விட்டு விட்டுச் சொன்னான். மூவரும் சிரித்தார்கள். தூங்குகிற யூனிட்டை எழுப்பி நேர்செய்கிற தலைவலிகூட இனி இல்லை என்று மீட்டரக்காவுக்குள் ஒரு நிம்மதி. அன்றைக்கு அந்தச் சந்தில் அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை.

ஒரு மாதம் கழித்துச் சலுகை பெறும் வீடுகளின் பட்டியல் வந்தது. அலுவலக வாசலில் பசை தடவி ஒட்டியதும் அவள்தான். ஒட்டிவிட்டு மூன்றாம் தெரு வரிசையில் விரலை ஓட்டினாள். தையல்காரியின் இணைப்பு எண் இல்லை. திரும்ப ஓட்டினாள், இல்லை. கடைசியில் தனித்தாள் ஒன்று இருந்தது. 'தொடர்ந்து மூன்று முறை பூட்டியிருந்ததால் குடியிருப்போர் இல்லாதவை எனக் கருதி நீக்கப்பட்ட வீடுகள்.' ஆள் இல்லாத வீட்டுக்குச் சலுகை போய்விடக் கூடாதாம், கணினி தேடித் தேடிக் களைந்திருந்தது. அந்தத் தாளில் முதல் எண்ணே தையல்காரியுடையது.

பசை வாளியைக் கையில் பிடித்தபடி அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நேர்செய்ய வழி இருந்தது, இல்லாமல் இல்லை. மூன்று முறையும் வீடு திறந்துதான் இருந்தது, தான் எழுதியது பொய் என்று ரீடிங் எடுத்தவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்த கையோடு விசாரணை வரும். அவள் ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. மகளுக்கு உடம்புக்கு முடியாத குழந்தை ஒன்று இருந்தது, ஓய்வூதியம் வந்ததும் போய் அவளோடு இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் மென்று விழுங்கினாள்.

தையல்காரி தானே வந்து கேட்டாள். "எங்க வீடு என்னைக்குக்கா பூட்டியிருந்துச்சு? அவர விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்கும். நான் பாக்குறேன்."

"மனு ஒண்ணு எழுதியிருக்கேன். சரியா இருக்கான்னு பாருங்கக்கா. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

சீருடைக்கு அளவு எழுதும் தாளின் பின்பக்கத்தில், கோணல் எழுத்தில், 'எங்கள் வீடு ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை, வேண்டுமானால் ரீடிங் எடுக்கும் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. மீட்டரக்கா வாசித்தாள். இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததைத் திருத்தினாள். "நல்லா இருக்கு, குடு" என்றாள். இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை அவள் தன் வாழ்நாளில் செய்ததில்லை, அது அவளுக்கே தெரியும். மனு ஏட்டோடு ஒப்பிடப்பட்டு, ஏட்டில் உள்ளதே சரி என்று திரும்பி வந்தது. அக்காவை யாரும் கேட்கவில்லை.

அதற்குள் அடுத்த ரீடிங் வந்துவிட்டது. பட்ஜெட்டோடு சேர்ந்து புது ஏற்பாடும் வந்திருந்தது. சலுகை ஏமாற்றுக்காரர்கள் கைக்குப் போகாமல் இருக்க, ஏட்டுக்குப் பதிலாகக் கையில் ஒரு போன். மீட்டரைப் படம் பிடித்தால் எண்ணை அதுவே படித்துக்கொள்ளும். வீடு பூட்டியிருந்தால் பூட்டைப் படம் பிடிக்க வேண்டும். இனிமேல் ஏற்றி இறக்கி எழுத ஒன்றும் இல்லை. நடைவழியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள், முதல் படம் மங்கலாக வந்தது. இரண்டாவது படத்தைப் போன் ஏற்றுக்கொண்டது. எட்டு மாதமாகத் தூங்கிய யூனிட் எல்லாம் ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்து, மேல்தட்டுக் கட்டணத்தில் பில்லாக வந்து விழுந்தது. ஆளே இல்லாத வீடு இத்தனை யூனிட்டை எப்படி இழுக்கும் என்று கேட்கக் கணினிக்குத் தோன்றவில்லை. அதற்கு அப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

தையல்காரி பில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், துண்டித்தால் மெஷின் நிற்கும். அவள் அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. பெரிய தையற்கூடம் ஒன்றில் சீருடை சீசன் முழுக்க வந்து தைத்துக் கொடுப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கி, பில்லைக் கட்டினாள். மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பி மாலை நாலு மணிக்குத் திரும்பினாள். தண்ணீர்ச் செம்பையும் மாத்திரையையும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம் மீட்டரக்கா அந்தச் சந்தில் இன்னொரு வீட்டுக்குப் போனவள், மனது கேட்காமல் தையல்காரி வீட்டுக்குள்ளும் நுழைந்தாள். நடைவழியில் பழக்கதோஷத்தில் கண் மீட்டருக்குப் போனது. சிவப்பு விளக்கு சாவகாசமாகத் துடித்துக்கொண்டிருந்தது, பழைய காலத்தில் துடித்த மாதிரி. அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். ஃபேன் ஓடியது. மெஷின் நின்றிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, காற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி! மெஷின் ஏன் நிக்குது? ரிப்பேரா?"

"இல்லக்கா. அதுக்கும்... கொஞ்சம் ரெஸ்ட் வேணாமா?"

அவள் ஸ்விட்சைப் போட்டாள், குழாயை மூக்கில் மாட்டினாள். மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவனும் விட்டான்.

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"அவ வேலைக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து. பத்துலேருந்து நாலு வரைக்கும்தான். அசையாம கெடந்தா தாங்குதுக்கா. அவ வர்றதுக்கு முன்னாடி போட்டுடுவேன்."

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எதுக்குடா இதெல்லாம்?"

"பில்லப் பாத்தீங்கல்ல? அத்தனையும் நான் மூச்சு விட்ட செலவுக்கா." அவன் சிரிக்கப் பார்த்தான். "அவகிட்ட சொல்லிடாதீங்க. வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துடுவா. முன்பணம் வாங்கியாச்சு. சத்தியம் பண்ணுங்க."

அந்த பில் நீ மூச்சு விட்டதால் வந்ததில்லை, நான் எழுதியதால் வந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தாள். குடையைக்கூட அந்த வீட்டில் மறந்துவிட்டாள்.

பொறியாளர் அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். அவள் எழுதி நீட்டிய தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"இருபத்தாறு வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாம வேலை பாத்திருக்கீங்க. இன்னும் ஆறு மாசம் கண்ண மூடிட்டு ஓட்டினா முடிஞ்சுது. இத நான் வாங்கினா மேல அனுப்பியே ஆகணும். பென்ஷன நிறுத்தி வைப்பாங்க. நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இத்தன நாளக் கெடுத்தேன். வாங்கிக்கோங்க."

"சரி. ஆனா இது மேல போயி, அவங்க பாத்து, பட்டியல்ல ஏறி வர ஒரு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்த மெஷின்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். மீட்டரக்கா அந்த வீட்டுக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்துப் பார்த்தாள். தையல்காரி, "நீங்களே தனி ஆளு, உங்ககிட்ட நான் வாங்குறதா?" என்று கையை மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு மீட்டரக்கா அங்கே போய்விடுவாள். மெஷினைப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், அவனிடம் தெருக்கதை பேசுவாள். "மனு மேல போயிருக்கு, இந்தா வந்துரும், போட்ட மெஷின நிறுத்தாதே" என்று மிரட்டிவிட்டுக் கிளம்புவாள், மூலையில் கிடந்த குடையை எடுக்க ஒவ்வொரு நாளும் மறந்துபோவாள். அவன் தலையை ஆட்டுவான். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்புமா? நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் அவளிடம் கோள் மூட்டிவிடும். அவள் தெரு முனை திரும்புவதற்குள் அவன் நிறுத்தியிருப்பான். தையல்காரியிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை தோன்றியது. சத்தியம் பண்ணியிருக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சத்தியம் பாதிக் காரணம்தான். சொன்னால் அந்த பில் ஏன் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், அது மீதிப் பாதி.

அவள் தாளைக் கொடுத்த இருபத்து மூன்றாம் நாள் காலை, பொறியாளர் அவளைக் கூப்பிட்டு, மேலே கையெழுத்தாகிவிட்டது, கடிதம் வர ஒரு வாரம் ஆகும் என்றார். மத்தியானம் வரைக்கும் அவளுக்குப் பொறுக்கவில்லை, அப்போதே கிளம்பினாள். சந்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நடைவழிக்குள் கால் வைத்தவள் எதன் மேலோ இடித்துக்கொண்டாள். ஆக்சிஜன் மெஷின். ஒயரையும் குழாயையும் சுற்றி அதன் தலையில் வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு. முந்தின நாள் மத்தியானம் அவள் கிளம்பிப் போன பிறகு நடந்திருந்தது. நாலு மணிக்கு வந்த தையல்காரிதான் முதலில் பார்த்தாள்.

மீட்டரக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு நேரே மீட்டர். சிவப்பு விளக்கு இருந்திருந்து ஒரு தடவை துடித்தது.

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆளும் அவள்தான். தையல்காரி தரையில் உட்கார்ந்து சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாங்கின முன்பணத்துக்குத் தைத்துக் கொடுத்தாக வேண்டுமே. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தாள், அறை பெரிதாகத் தெரிந்தது. கடிதத்தை வாசித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். கட்டின பணம் முழுவதும் இனி வரும் பில்களில் கழிக்கப்படும் என்று அதில் இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "அன்னைக்கு மத்தியானம் நம்ம தெருவுல கரண்ட்டு போச்சா? நான் வந்தப்ப மெஷின் ஸ்விட்சு நின்னிருந்துச்சு. கரண்ட்டு போயி, அவரு ஏதோ அவதியில ஸ்விட்சத் தட்டியிருப்பாருன்னு நெனச்சேன். போச்சாக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மின்சாரம் போவது உலகத்தில் நடக்காத விஷயமா? யாரும் ஏட்டை எடுத்துப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தையில் தையல்காரி பழியைக் கம்பத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகப் பொத்தான் தைப்பாள். இரக்கப்பட்டுப் பொய் சொல்லிப் பழகிய வாய்தான் அது. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே கொண்டுவந்து விட்டது என்பதை அவள் பார்த்துவிட்டாளே.

"போகல" என்றாள். "அவன்தான் நிறுத்தி வச்சான். நீ வேலைக்குப் போற நேரமெல்லாம் நிறுத்தி வச்சான், பில்லுக்குப் பயந்து."

தையல்காரியின் ஊசி நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்." அதோடு நிறுத்தவில்லை. பூட்டிய வீடு என்று மூன்று தடவை எழுதியது யார், ஏன் எழுதினாள், அந்த பில் எப்படி வந்தது, மனுவைத் திருத்திக் கொடுத்தபோது என்ன தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். அழுகை வந்தது. தனக்கு அழ உரிமை இல்லை என்று அடக்கினாள், அடங்கவில்லை.

தையல்காரி நூலை அறுத்து, மடியில் கிடந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு கத்தாமல், குரலை உயர்த்தாமல் பேசினாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. எனக்குப் புரியுதுக்கா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொத மாசத்துலேருந்தே நான் ராவும் பகலும் தச்சிருப்பேனே. வீட்லேயே இருந்து தச்சிருப்பேனே. அவரு பக்கத்துலேயே இருந்திருப்பேனே."

மீட்டரக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. போயிட்டு வாங்க" என்று தையல்காரி எழுந்தாள். மூலையில் கிடந்த குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கதவு வரைக்கும் வந்து, அவள் வாசலில் இறங்கியதும் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு பகலில் சாத்தி மீட்டரக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. சம்பள உயர்வை வெட்டினார்கள், ஓய்வூதியம் என்னவாகும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்கள். ஆனாலும் ஆறு தெருவுக்கும் நடக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவளையே அனுப்பினார்கள். "மெதுவா வாம்மா, ஒண்ணும் ஓடிப்போயிடல" என்று மகள் போனில் சொன்னாள். தெருக்காரர்கள் அவள் ஏதாவது கிண்டலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். அவள் படம் எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள்.

மூன்றாம் தெரு, சந்தின் கோடி. கதவில் பூட்டு தொங்கியது.

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, போன மாசமே" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "தச்சுக் குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்து முடிச்சிட்டுத்தான் போனா. இனிமே வரமாட்டாளாம்."

கதவின் கீழ் இடுக்கில் மின்சார அலுவலகத்தின் தாள் ஒன்று பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நீட்டிக்கொண்டிருந்தது. முந்தைய பில். கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்று அச்சிட்டிருந்தது. இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு அப்படித்தான் வரும்.

மீட்டரக்கா போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தாள். நன்றாகத் தெளிவாக விழுந்தது. போன் காரணம் கேட்டது. 'பூட்டிய வீடு' என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. அவள் கதவை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள், கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆமாம் என்று அழுத்தினாள்.